44 கார்பைனைத் திரும்பக் கொடுங்கள்: ரூகர் கம்பெனிக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் ரூகர் துப்பாக்கிக் கம்பெனியில் எதைச் செய்வது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது என்பது தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். கெஞ்சுவதும் திட்டுவதும் எனக்குத் தாய்மொழியில்தான் ஒழுங்காக வரும், அதிலும் ஒரே மூச்சில் இரண்டையும் செய்ய வேண்டும் என்றால் என் ஆங்கிலம் பாதி வழியில் நின்றுவிடும். தவிர, நவம்பர் மாதம் மான் வேட்டைக்கு ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு சோளக்காட்டு ஓரம் உட்காரும் தமிழர்கள் நான் ஒருவன் மட்டும் இல்லை, அவர்களாவது படிக்கட்டும்.

விஷயம் இதுதான். 1985ல் நீங்கள் நிறுத்திய .44 மேக்னம் கார்பைன், அதாவது .44 மேக்னம் என்ற தோட்டாவைச் சுடும் மாடல் 44 என்ற குட்டை செமி ஆட்டோ துப்பாக்கி, அதைத் திரும்பச் செய்யுங்கள். மரக்கட்டையோடு. அது முடியாது என்றால் ஸ்பிரிங்காவது செய்யுங்கள்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் பெரியம்மா நான் ஏதோ கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன் என்று அழுவார். செமி ஆட்டோ என்றால் விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு போகும், அடுத்த தோட்டா தானாக ஏறி உட்காரும், மறுபடி சுட மறுபடி அழுத்த வேண்டும். அவ்வளவுதான். டிவியில் காட்டும் கறுப்பு ரைஃபிளும் இப்படித்தான் வேலை செய்கிறது என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் நான் சொல்வது நாலே நாலு தோட்டா பிடிக்கிற, குழாய் மாதிரி உள்ளேயே அடங்கிய மேகசின் வைத்த, மான் வேட்டைக்கென்றே செய்த ஒரு குட்டைத் துப்பாக்கி. குழல் பதினெட்டரை அங்குலம், எடை ஆறு பவுண்டுக்கும் கீழே. வீட்டில் அது இரும்பு அலமாரியில் பூட்டியே இருக்கிறது, தோட்டா வேறு இடத்தில். 2024 பிப்ரவரியில் மிச்சிகனில் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கென்று சட்டம் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

சரி, உங்களிடம் வருகிறேன். உங்கள் கதை உங்களுக்கே மறந்திருக்கும் என்பதால் கொஞ்சம் பழசைக் கிளறுகிறேன். 1949ல் கனெக்டிகட் மாநிலத்து சவுத்போர்ட்டில் பில் ரூகரும் அலெக்ஸாண்டர் ஸ்டர்மும் ஆரம்பித்தபோது நீங்கள் கைத்துப்பாக்கிக் கம்பெனி. பத்து வருடத்துக்கு மேல் அதையே செய்தீர்கள். தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கி என்று நீங்கள் செய்த முதல் பிள்ளை இந்த 44தான். ஆரம்பத்தில் அதற்கு டீர்ஸ்டாக்கர் என்று பெயர் வைத்தீர்கள், எங்கள் டீர்ஸ்லேயர் மாதிரி இருக்கிறதே என்று இத்தாகா கம்பெனி வழக்குப் போட்டது, 1962ல் பெயரை எடுத்துவிட்டீர்கள். அதனால் 1962க்கு முந்தைய துப்பாக்கியில் அந்தப் பெயர் பொறித்திருந்தால் சேகரிப்பவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பைத்தியம் இல்லை. எனக்குச் சுட வேண்டும், அவ்வளவே.

1964ல் வந்த 10/22 இருக்கிறதே, நீங்கள் லட்சக்கணக்கில் விற்று இன்னமும் விற்றுக்கொண்டிருக்கும் அந்த .22, அதன் முகஜாடை எங்கிருந்து வந்தது? இந்த 44இல் இருந்துதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், அதே வளைந்த கட்டை, குழலைச் சுற்றி அதே பட்டை. மகன் .22இல் பழகட்டும், அப்பன் .44இல் மான் சுடட்டும் என்பது அப்போது உங்கள் கணக்கு. தம்பியை வைத்துக்கொண்டீர்கள், அண்ணனை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டீர்கள்.

என்னிடம் இருப்பது பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. டெட்ராய்ட் பக்கம் ஒரு கார் ஆலையில் டூல்மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். 2016ல் முட்டிவலி பொறுக்காமல் புளோரிடாவுக்குக் குடிபோனபோது, "அங்கே எனக்கு இது எதுக்கு" என்று அடிமாட்டு விலைக்கு எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கட்டையின் இடது பக்கத்தில் முள்கம்பி கிழித்த நீளமான கீறல் ஒன்று. மணலேடு வைத்துத் தேய்த்து எடுத்துவிடவா என்று கேட்டேன். மனிதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அந்த வேலியைத் தாண்டித்தான் அவர் தன் முதல் கொம்பு மானை எடுத்தாராம். கீறல் அப்படியே இருக்கிறது. வருடம் ஒரு முறை ஆளிவிதை எண்ணெய் நாலு சொட்டு விட்டு உள்ளங்கையால் தேய்க்கிறேன், அந்த வால்நட் மரத்துக்குள் இருந்து ஒரு சிவப்பு மெல்ல எழுந்து வரும், அதைப் பார்க்கவே எண்ணெய் போடலாம்.

உடனே பிளாஸ்டிக் மோசமா என்று கேட்பீர்கள். மோசம் இல்லை. மழையில் ஊறாது, முறுக்காது, விலை குறைவு, கீழே போட்டால் பதைக்க வேண்டாம். நனைந்த பரணில் நாலு மணி நேரம் உட்கார்ந்து வந்து மரக்கட்டையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நானே பிளாஸ்டிக்கைப் பற்றி நல்ல விதமாக நினைத்திருக்கிறேன். ஆனால் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கை யாரும் மகனுக்குக் காட்டிக் கதை சொல்லி நான் பார்த்ததில்லை.

நான் கோயம்புத்தூர்க்காரன். அப்பா பம்பு ஃபவுண்டரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அதனால் உங்களைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயமே வேறு. துப்பாக்கிக் கம்பெனிகளில் மெழுகு வார்ப்பைப் பெரிய அளவில் நம்பி இறங்கியவர்கள் நீங்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே பீங்கான் கூடு கட்டி, மெழுகை உருக்கி விட்டு, அந்த வெற்றிடத்தில் எஃகை ஊற்றுவது. எங்கள் சுவாமிமலை ஸ்தபதிகள் வண்டல் மண் பூசி, எஃகுக்குப் பதில் ஐம்பொன் ஊற்றுகிறார்கள், அடிப்படை அதேதான். நியூஹாம்ப்ஷயரில் உங்கள் நியூபோர்ட் வார்ப்பாலையின் படத்தைப் பார்த்தபோது, அங்கே மரம் மாதிரி கிளை கிளையாக மெழுகு ஒட்டிய தண்டுகளைப் பார்த்தபோது, எனக்கு ஏதோ சொந்த ஊர் மாதிரி இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 44ஐ நிறுத்தியதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் செய்கூலி கட்டுப்படியாகவில்லை என்பது. அந்த ரிசீவர், அதாவது உள் இயந்திரம் எல்லாம் உட்காரும் நடு உடம்பு, எஃகைக் கடைந்து எடுத்தது. அந்தக் காலத்து மில்லிங் மெஷினில் எத்தனை செட்டிங், எத்தனை ஆள் நேரம் என்று யோசித்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது, நீங்கள் நிறுத்தியது நியாயம்தான். ஆனால் அது 1985. இன்று உங்கள் இன்னொரு செமி ஆட்டோ ரைஃபிளான மினி-14க்கு ரிசீவரை வார்ப்பில்தானே எடுக்கிறீர்கள்? அதற்கு மேல் கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷின் இருக்கிறது. கட்டுப்படியாகாது என்ற பதிலை ஒரு ஃபவுண்டரிக்காரன் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

2000ல் ஒரு முறை முயற்சி செய்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. டீர்ஃபீல்டு 99/44. உள்ளே வேறு இயந்திரம், மினி-14 ஜாதி. சுழலும் மேகசின், கழற்றி மாட்டலாம், அதிலும் நாலு தோட்டா. நல்ல துப்பாக்கி என்றுதான் வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். ஆறேழு வருடத்தில் அதையும் நிறுத்திவிட்டீர்கள். இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

ஏனென்றால் நீங்கள் கடையைச் சாத்திய மறு நிமிடம் கூட்டம் வந்தது. இண்டியானா 2007ல், ஒஹையோவும் மிச்சிகனும் 2014ல், ஐயோவா 2017ல் விதியை மாற்றின. அதுவரை சமவெளி, பண்ணைநிலம், வீடுகள் நெருக்கம் என்பதால் இங்கெல்லாம் மான் வேட்டைக்கு ஷாட்கன்தான், ரைஃபிள் கூடாது, குண்டு மைல் கணக்கில் பறந்துபோகும் என்று பயம். அப்புறம், தோட்டாவின் பித்தளைக் கூடு பக்கவாட்டில் நேராக இருந்தால், அதாவது கழுத்துச் சுருங்காத தோட்டா என்றால் பரவாயில்லை, அது அவ்வளவு தூரம் போகாது என்று ஒத்துக்கொண்டார்கள். மிச்சிகனின் தெற்குப் பகுதிக்கு அப்போது வந்த விதி என்ன சொன்னது தெரியுமா? குண்டின் விட்டம் .35 அல்லது அதற்கு மேல், கூட்டின் நீளம் 1.16 அங்குலத்துக்குக் குறையாமல் 1.80க்கு மிகாமல். .44 மேக்னத்தின் கூடு 1.285 அங்குலம். அந்த வரம்புக்குள் வசதியாகப் போய் உட்காருகிறது. அது மட்டுமா, செமி ஆட்டோ என்றால் குழலிலும் மேகசினிலும் சேர்த்து ஆறுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று இங்கே விதி. உங்கள் 44இல் நாலும் ஒன்றும் ஐந்து. அந்த விதியை எழுதியவர் மேசை மேல் இந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு எழுதினாரோ என்று எனக்குச் சந்தேகமே வந்தது.

ஆனால் வாங்கப் போனால் கடையில் இல்லை! மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா, வின்செஸ்டர் 2019ல் இந்த மாநிலங்களுக்கென்றே .350 லெஜண்ட் என்று புதுத் தோட்டாவே கண்டுபிடித்து விற்றது. நீங்களும் அதற்கு ரைஃபிள் செய்தீர்கள், ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட் இழுக்கிற அமெரிக்கன் ரான்ச் ஒன்று, ஏஆர் ஜாதிக் கறுப்பு ரைஃபிள் ஒன்று. இரண்டுமே நன்றாகத்தான் சுடும். ஆனால் செமி ஆட்டோவும் வேண்டும், மரமும் வேண்டும், நாலு தோட்டா போதும் என்கிற என் மாதிரி ஆளுக்கு 1985க்கு முன்னால் செய்ததைத் தேடி ஏலக்கடைகளில் அலைவதைத் தவிர வழி இல்லை.

இந்த ஜாதித் துப்பாக்கிகளே மொத்தமாக அருகிவருகின்றன, அது உங்கள் தப்பு மட்டும் இல்லை. ஜான் பிரௌனிங் வின்செஸ்டரோடு பிணங்கிக்கொண்டு வெளியே போய், தன் செமி ஆட்டோ ரைஃபிளை ரெமிங்டனுக்குக் கொடுத்தார், 1906ல் வந்தது, பின்னால் அதற்கு மாடல் 8 என்று பெயர். சுடும்போது குழலே ஓர் உறைக்குள் பின்னால் போய் முன்னால் வரும், பார்த்தால் தண்ணீர்க் குழாய் மாதிரி இருக்கும், அழகு என்று நான் சொல்லமாட்டேன். 1934ல் போனி, கிளைடு என்ற கொள்ளைக்கார ஜோடியை லூசியானாவில் மறித்துச் சுட்டபோது ஃபிராங்க் ஹேமரோடு போன போலீஸ் கூட்டத்தின் கையிலும் இந்த ஜாதி இருந்தது. அந்தப் பக்கம் வின்செஸ்டரில் டி.சி. ஜான்சன் என்ற இன்ஜினியர், முன்கட்டைக்குள் ஒரு கனமான எடையை மறைத்து வைத்து அது பின்னால் உதைபடுவதிலேயே வேலை நடக்கும்படி 1905, 1907, 1910 என்று மூன்று மாடல் செய்தார். அதில் 1907 மாடல் ஐம்பது வருடம் ஓடியது. எஃகும் வால்நட்டும் தவிர வேறு எதுவும் தெரியாத காலம்.

அப்புறம் ரெமிங்டன் 742. 1960ல் இருந்து 1980 வரை, பத்து லட்சத்துக்கும் மேல். பென்சில்வேனியா தவிர (அங்கே மானுக்கு செமி ஆட்டோ ஆகாது) வடகிழக்கில் எந்தத் தாத்தாவின் அலமாரியைத் திறந்தாலும் ஒன்று சாய்ந்திருக்கும். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அதில் தோட்டாவை ஏற்றி அடைக்கும் போல்ட் ஓடும் தடத்தை போல்ட்டே கொத்திக் கொத்தித் தின்றுவிடும், தடம் போனால் ரிசீவரே போச்சு, சரி செய்ய வழி கிடையாது. சிக்கிக்கொள்ளும் பழக்கத்தால் அதற்கு ஜாமாமேட்டிக் என்று பட்டப்பெயர். வின்செஸ்டர் 100 என்று ஒன்று, 1961 முதல் 1973 வரை, பார்க்க அவ்வளவு லட்சணம், துடுப்பு மாதிரி ஒரே கட்டை. அதன் ஊசி, அதாவது தோட்டாவைத் தட்டிப் பற்றவைப்பது, உடைகிறது, மாற்றும் வரை சுடாதீர்கள் என்று 1990ல் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். பழசு எல்லாம் பொன் என்று நான் பாட வரவில்லை என்பதற்காகச் சொன்னேன்.

உங்கள் 44க்கும் குறை உண்டு. நூறு கஜத்துக்கு மேல் நான் சுடமாட்டேன், மூன்று அங்குல வட்டத்துக்குள் விழுந்தால் எனக்கு அது நல்ல நாள். ஈயக்குண்டு போடக் கூடாது, மேலே செம்பு உறை போட்டதுதான் போட வேண்டும், இல்லாவிட்டால், அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்குக் குழலில் இருந்து வாயு எடுக்கும் துளையை ஈயம் அடைத்துவிடும். படித்தவன்தான் நான், இருந்தும் முதல் வருடம் சுடுமைதானத்தில் ஒரு நண்பர் வீட்டிலேயே அடைத்த ஈயத் தோட்டாவை ஒரு பை நிறையக் கொடுத்தபோது ஓசிதானே என்று அத்தனையும் சுட்டுத் தீர்த்தேன். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை கராஜில் செம்புக் கம்பியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து சுரண்டினேன், என் மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனதுதான் தாங்க முடியாதது.

அந்தச் சுத்தம் செய்யும் நேரத்தில்தான், தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் நாக்குக்கு உள்ள ஸ்பிரிங் தளர்ந்திருப்பதைப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவு. தேடினேன், கேட்டேன், பழைய சாமான் விற்பவர்களிடம் பெயர் எழுதி வைத்தேன். ஒரு கடைக்காரர், "இந்த வயசு துப்பாக்கிக்கு வேண்டியது ஸ்பிரிங் இல்லை, பிரார்த்தனை" என்றார். கடைசியில் ஒரு செத்த 44ஐ, வெள்ளத்தில் மூழ்கி எடுத்தது, குழல் துருவேறி, கட்டை சாம்பல் நிறத்தில் வெடித்துப் போனது, அதை அப்படியே விலைக்கு வாங்கி, உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்து இதில் மாட்டினேன். ஒரு ஸ்பிரிங்குக்கு ஒரு துப்பாக்கி. இப்படியே போனால் இன்னும் இருபது வருடத்தில் இருப்பதில் பாதி, மீதிப் பாதியைத் தின்று உயிர் வாழும்.

இதில் உங்களால் முடியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை, காரணம் மார்லின். ரெமிங்டன் 2020ல் திவாலாகி ஏலத்துக்கு வந்தபோது அதன் கையில் இருந்த மார்லின் துப்பாக்கிக் கம்பெனியை நீங்கள் எடுத்தீர்கள். அதற்கு முந்தைய பத்து வருடம் மார்லின் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும், அதன் நார்த் ஹேவன் ஆலையை மூடி, கைப்பழக்கம் உள்ள ஆட்களை விட்டுவிட்டு, தேய்ந்த மெஷின்களை ரெமிங்டனின் இலியன் ஆலைக்குத் தூக்கிக்கொண்டு போய், மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் விரல் போகிற மாதிரி இடைவெளி விட்டுச் செய்தார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? அவசரப்படாமல் வட கரோலைனாவில் மேயோடனில் மெஷின் போட்டு, வரைபடத்தை முதலில் இருந்து சரிபார்த்து, 2021 கடைசியில் 1895 என்ற மார்லின் மாடலை வெளியே விட்டீர்கள். பிறகு 336 மாடல். லீவர் இழுக்கிற துப்பாக்கியை இந்தக் காலத்தில் யார் வாங்குவார் என்று சொன்னவர்களே வரிசையில் நின்றார்கள். அடுத்தவன் வீட்டுக் குழந்தையை எடுத்து வளர்த்து ஆளாக்கிய நீங்கள் சொந்த வீட்டுத் தலைப்பிள்ளையைத் திரும்பிப் பார்க்கக் கூடாதா?

போகிற போக்கில் இன்னொன்று, மார்லினோடு சேர்த்து கேம்ப் கார்பைனின் சொத்துரிமையும் உங்களிடம்தான் வந்திருக்க வேண்டும், 1985 முதல் 1999 வரை 9 மிமீயிலும் .45இலும் வந்த அந்த மரக்கட்டைக்காரன். பின்னால் இருக்கும் ரப்பர்த் துண்டு நைந்தால் அடி முழுக்கக் கட்டைக்கு இறங்கி விரிசல் விடும், அதை மட்டும் சரி செய்யுங்கள். ஆனால் அது இரண்டாவது வேலை.

நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முழுத் துப்பாக்கியாக வந்தால் மகாராஜனாக இருப்பீர்கள். குழாய் மேகசினோ சுழலும் மேகசினோ, எனக்கு இரண்டும் சம்மதம், நாலு தோட்டாவைத் தாண்ட வேண்டாம். கட்டை வால்நட். அதற்கு விலை கட்டாது என்றால் பிர்ச் மரத்துக்குச் சாயம் போட்டுக் கொடுங்கள், நாங்கள் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிடுகிறோம். ஈயக்குண்டையும் தாங்குகிற மாதிரி வாயுத் துளையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வசதி வைத்தால், என்னைப் போன்ற மக்குகள் வாழ்த்துவார்கள்.

அதுவும் இல்லை என்றால், ஸ்பிரிங், ஊசி, நாக்கு, வாயு பிஸ்டன், இந்த நாலை மட்டும் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள், விலை எதுவானாலும் நாங்கள் சேர்ந்து வாங்கிக்கொள்கிறோம். அதற்கும் மனம் இல்லை என்றால் வரைபடத்தையாவது வெளியே விடுங்கள். நாற்பது வருடத்துக்கு முன் கைவிட்ட பொருளின் வரைபடத்தில் என்ன ரகசியம் இருக்கிறது? இங்கே மிச்சிகனில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் டூல்மேக்கர்கள் போதாதா, அவர்களும் இல்லை என்றால் பீளமேட்டில் என் மச்சானுக்கு ஸ்பிரிங் சுற்றும் பட்டறையே இருக்கிறது. துப்பாக்கி பாகம் என்றால் இந்தியச் சட்டம் அவனை உள்ளே வைத்துவிடும் என்பதால் அவனிடம் கேட்கவில்லை, பயப்படாதீர்கள்.

பெரியவர் போன வாரம் புளோரிடாவில் இருந்து கூப்பிட்டார். முட்டி தேவலையாம். கீறல் இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றேன். ஸ்பிரிங் கதையைச் சொன்னேன், மறுமுனையில் நெடுநேரம் சிரித்துவிட்டு, அந்த வெள்ளத்துக் கட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே, காயவைத்து எனக்கு அனுப்பு, பார்க்கலாம் என்றார். அனுப்பியிருக்கிறேன்.

பதில் போட நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். நவம்பர் 15 காலை மட்டும் வேண்டாம், பரணில் இருப்பேன், போன் எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
மாடல் 44 ஒன்றும், அதன் உதிரிபாகத்துக்காகச் செத்த 44 ஒன்றும் வைத்திருக்கும் ஒரு மிச்சிகன்வாசி